கோடிகளில் அறிவிக்கிறார்களே, அதில் என் மகனுக்கு என்ன வரும்?

கேள்வி: ஐயா, நான் சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. காலேஜ் வேண்டாம், ஏ.சி. மெக்கானிக் வேலை படிக்கிறேன் என்கிறான். ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். “ஆறு மாதக் கோர்ஸ், மொத்தம் 85,000 ரூபாய். அதில் 60,000 மத்திய அரசு மானியம். நீங்கள் 25,000 கட்டினால் போதும். பையனின் ஆதாரும் கையெழுத்தும் வேண்டும், வேலை நிச்சயம்” என்கிறார்கள். 3,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம். ஐ.டி.ஐ.களுக்கு 60,000 கோடி ஒதுக்கியிருப்பதாக டி.வி.யில் சொன்னார்கள். அந்தப் பணத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது வருமா? மகள் பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்கிறாள். எட்டாவது வரை மெட்ரிக் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. அவளுக்கு உதவித்தொகை உண்டா? நானும் தையல் கற்றுக்கொள்ள நினைக்கிறேன், எனக்கு வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில் (ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்சி அலுவலர்):

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். மகனை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல் எதையாவது அங்கே கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள். காரணத்தைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

மத்திய அரசின் குறுகிய காலத் திறன் பயிற்சிகளில் பெயர் தெரிந்தவை இரண்டு. 2015-ல் வந்த பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா ஒன்று. கிராமப்புற இளைஞர்களுக்காக 2014-ல் வந்த தீன் தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா இன்னொன்று. இரண்டிலும் படிக்கிற பிள்ளை கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசே மையத்துக்குக் கொடுக்கிறது. அதையும் மொத்தமாகத் தருவதில்லை. பயிற்சி தொடங்கியதும் ஒரு பங்கு, பிறகு படிப்படியாக மீதி. உங்கள் மகன் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறினாலே மையத்துக்கு வருமானம்தான். அப்படியிருக்க, அரசுப் பணமும் வாங்கிக்கொண்டு உங்களிடமும் 25,000 கேட்டால் அது விதிமீறல். அரசுத் திட்டத்தில் சேராத தனியார் கோர்ஸ் என்றால் கட்டணம் வாங்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அப்போது ‘அரசு மானியம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த இரண்டில் அவர்கள் எது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த 60,000 ரூபாயும் கையெழுத்தும்தான். மானியம் என்றால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதை வாங்க உங்கள் மகன் கையெழுத்துப் போட்டு ஆதார் கொடுத்து, ஒரு மொபைல் ஓ.டி.பி.யும் சொல்ல வேண்டும் என்றால் பெரும்பாலும் அவன் பெயரில் கடன் எடுக்கிறார்கள் என்றுதான் பொருள். திறன் பயிற்சிக் கடன் என்று நிஜமாகவே ஒரு திட்டம் இருக்கிறது. 2024 ஜூலையில் அதன் உச்சவரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். கடனுக்கு அரசு ஏற்படுத்திய நிதியம் உத்தரவாதம் நிற்கும். வங்கிக்குத்தான் அந்த உத்தரவாதம், வாங்கியவனுக்குத் தள்ளுபடி கிடையாது. நல்ல படிப்புக்காகத் தெரிந்தே கடன் வாங்குவது வேறு. ‘மானியம்’ என்று நம்பிப் பதினெட்டு வயதில் கடனாளியாவது வேறு. கோர்ஸ் முடிவதற்குள்ளேயே தவணை கேட்டு போன் வந்து, அப்போதுதான் விஷயம் தெரிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் படிக்காதவர்கள் இல்லை. மானியம் என்ற சொல்லை நம்பினார்கள், அவ்வளவுதான்.

இனி அந்த 60,000 கோடி. டி.வி.யில் நீங்கள் கேட்டது உண்மைதான். பி.எம்.-சேது என்ற பெயரில் 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் திட்டம் அது. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அக்டோபரில் தொடங்கிவைத்தார்கள். 30,000 கோடி மத்திய அரசு, 20,000 கோடி மாநிலங்கள், 10,000 கோடி தொழில் நிறுவனங்கள் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். 200 நிலையங்கள் மையமாக இருக்கும், மற்ற 800 அவற்றோடு இணைந்து இயங்கும். தமிழ்நாடு இதற்கு முன்பே 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்கள் (நவீன மெஷின்கள் உள்ள பயிற்சிக் கூடங்கள்) கட்டும் திட்டத்தை எடுத்து, முதல் மையங்களை 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடங்கிவைத்தது. ரோபோ, கம்ப்யூட்டர் இயக்குகிற சி.என்.சி. மெஷின், மின்சார வாகனம் என்று புது டிரேடுகள் (தொழிற்பிரிவுகள்) அங்கே வந்திருக்கின்றன.

இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட யார் வீட்டுக்கும் செக்காக வராது. மெஷினாக, ஒர்க்‌ஷாப்பாக, வாத்தியார் சம்பளமாக, பிள்ளைகள் அறுத்துப் பழகுகிற இரும்பாகத்தான் வரும். உங்கள் பங்கை வாங்க ஒரே வழி, உங்கள் மகன் அந்த மெஷின் முன்னால் போய் நிற்பது. அரசு ஐ.டி.ஐ.யில் அவனுக்குக் கிடைக்கிற சீட்டுதான் மானியம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கையில் வருகிற தொகையை மட்டும் கணக்குப் பார்க்கிற பெற்றோர், ஐ.டி.ஐ.யில் தருகிற உதவித்தொகை மாதம் 750 ரூபாய்தானா என்று கேட்டுவிட்டுத் தனியார் மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டப் போகிறார்கள்.

உங்கள் மகன் கேட்கிற ஏ.சி. வேலையையே எடுத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ.யில் அது இரண்டு வருட டிரேடு, பத்தாம் வகுப்பு பாஸ் போதும். ஏன் இரண்டு வருடம்? செம்புக் குழாயை வெட்டி, பிசிறு எடுத்து, வாயைப் பூ மாதிரி விரித்து நட்டுக்குள் உட்கார வைப்பதற்கு பிளேரிங் என்று பெயர். பார்க்கச் சுலபம். முதல் இருபது முப்பது குழாய் விளிம்பில் கீறல் விடும், அந்தக் கீறல் வழியாகத்தான் கேஸ் கசியும். அடுத்தது பிரேசிங், அதாவது கம்பியை உருக்கிக் குழாய்களை ஒட்டுவது. சூடு குறைந்தால் கம்பி உருகி உள்ளே இறங்காது, கூடினால் குழாயே ஓட்டையாகும். செம்பு எந்த நிறத்துக்கு வரும்போது கம்பியை வைக்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்து வருவதில்லை, கை பழக வேண்டும். பிறகு வாக்யூம் பம்ப் போட்டு ஈரத்தை இழுப்பது, கேஜ் பார்த்து கேஸ் ஏற்றுவது, மின்சார சர்க்யூட்டில் கோளாறு தேடுவது. இப்போது வருகிற வீட்டு ஏ.சி.கள் பலவற்றில் ஆர்-32 கேஸ் இருக்கிறது, அது தீப்பற்றக்கூடியது. அரைகுறையாகக் கற்றவன் அதில் கை வைத்தால் அவன் உயிருக்கே ஆபத்து. தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் பழகிக் கெடுக்கிற குழாயும் கேஸும் காசு. அந்தச் செலவை அரசு ஐ.டி.ஐ.யில் அரசு ஏற்கிறது. ஆறு மாத மையம் அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. சேரும்போது கட்டுகிற சில நூறு ரூபாய்தான் செலவு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், புத்தகம், வரைபடக் கருவி, சீருடை, ஷூ எல்லாம் உண்டு. உங்கள் மகன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய திட்டம் அது, ஐ.டி.ஐ. படிப்பும் அதில் அடங்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கத் தடையில்லை. ஆக மாதம் 1,750. நீங்கள் ஆதி திராவிடர் அல்லது பழங்குடி வகுப்பாக இருந்து, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். உங்கள் கணவர் ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பதிந்து, கார்டு புதுப்பித்து வைத்திருந்தால் பிள்ளைகளின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புக்கு வாரியமும் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கும். அது பலருக்குத் தெரிவதேயில்லை. அவர் பதியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இந்த மாதமே பதியச் சொல்லுங்கள்.

பணம் வராமல் போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று வருகைப்பதிவு. நாள் குறைந்தால் தொகை நிற்கும். இன்னொன்று வங்கிக் கணக்கு. இந்தத் தொகைகள் ஆதார் வழியாக வருவதால், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் சீடிங் (அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று ஆதாரோடு குறித்து வைப்பது) செய்தீர்களோ அங்கேதான் போய் விழும். பள்ளியில் ஒரு கணக்கு, பிறகு வேறு வங்கியில் ஒரு கணக்கு என்று இருக்கும் பிள்ளைகள், ஒரு பாஸ்புக்கை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைவார்கள், அது இன்னொரு கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். வங்கிக்குப் போய் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘டி.பி.டி. பணம் (அரசு நேரடியாகப் போடுகிற பணம்) இந்தக் கணக்குக்கு வருமா, சீடிங் ஆகியிருக்கிறதா’ என்று அழுத்திக் கேளுங்கள். கணக்கு செயலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் போட வேண்டும். பிரௌசிங் சென்டருக்குப் போக வேண்டியதில்லை, எந்த அரசு ஐ.டி.ஐ.க்குப் போனாலும் உதவி மேஜையில் போட்டுத் தருவார்கள். ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை. டிரேடு விருப்பம் கொடுக்கும்போது ஏ.சி. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிற்க வேண்டாம். அந்த டிரேடு எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, இருக்கிற இடத்தில் சீட்டும் குறைவு. எலக்ட்ரீசியனை அடுத்ததாகப் போடச் சொல்லுங்கள். நல்ல எலக்ட்ரீசியன் பின்னால் ஏ.சி. பக்கம் வருவது எளிது. சிவகாசி அச்சகங்கள், ராஜபாளையம் மில்கள், கப்பலூர் தொழிற்பேட்டை என்று உங்கள் ஊரைச் சுற்றி எலக்ட்ரீசியன் இல்லாமல் ஓடுகிற தொழிற்சாலை ஒன்றும் கிடையாது. முதல் சுற்றில் இடம் கிடைக்கவில்லையா, காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், விசாரித்துக்கொண்டே இருங்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் இடமே கிடைக்காமல் தனியார் ஐ.டி.ஐ.க்குப் போக நேர்ந்தால், கலந்தாய்வு வழியாகவே போங்கள். அரசு ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குத்தான் பயிற்சிக் கட்டணத்தை அரசு அந்த நிலையத்துக்குச் செலுத்தும். நேரே போய் மேனேஜ்மெண்டிடம் பேசிச் சேர்ந்தால் அது கிடைக்காது. என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) இணைப்பு நிலையத்துக்கு இருப்பது மட்டும் போதாது, நீங்கள் சேர்கிற டிரேடுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று டிரேடுக்கு இணைப்பு வாங்கிவிட்டு எட்டு டிரேடுக்கு போர்டு மாட்டுகிற இடங்கள் உண்டு. முடிவு செய்வதற்கு முன் வேலை நாளில், காலை பதினொரு மணி வாக்கில், சொல்லாமல் போய் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். லேத் அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, குப்பைக் கூடையில் வெட்டிப்போட்ட செம்புத் துண்டு இருக்கிறதா, வைஸில் புதுக் கீறல் தெரிகிறதா பாருங்கள். மெஷின் பளபளவென்று துணி போர்த்தி நின்றால் அந்த இடம் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பைக் காட்ட மாட்டேன் என்றாலும் வேண்டாம்.

ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் (ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு தொழில் பழகுபவர்) போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறையப் பிள்ளைகள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ‘பத்தாயிரம் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது, அப்ரண்டிஸ் எதற்கு’ என்பார்கள். 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதை உயர்த்தச் சொல்லி 2025-ல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் (அந்த மாத உதவித்தொகையில்) கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசுடையது. முன்பு அது கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது நேரே அப்ரண்டிஸ் கணக்குக்கு வருகிறது. ஒப்பந்தம் ஆன்லைன் போர்டலில் பதிவாகியிருக்க வேண்டும். ‘இங்கே அப்ரண்டிஸாக இரு’ என்று வாயால் சொல்லிவிட்டுப் பதிவு செய்யாமல் வேலை வாங்குகிற இடத்தில் அந்த வருடம் எந்தக் கணக்கிலும் வராது. திருச்சி பெல், பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. முடித்துத் தேர்வெழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். ரயில்வேயின் லெவல் 1 (ஆரம்ப நிலை) வேலைகளில் இருபது சதவீதம், ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்து அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு என்று வழி திறந்தே இருக்கிறது. ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்துவிடும் என்று உறவுக்காரர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்க, ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பின்னால் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். எட்டாவது வரை மெட்ரிக் என்பதால் உங்கள் மகளுக்கு இடிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மெட்ரிக் பள்ளியில் அவளை ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டில், கட்டணம் இல்லாமல் சேர்த்திருந்தீர்களா? அப்படிப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விதியில் இடம் உண்டு. பழைய பள்ளியில் அதற்கான சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.இ. இல்லை என்றால் இந்த 1,000 கிடைக்காது. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் 750 ரூபாயும் மற்ற உதவிகளும் அவளுக்கும் உண்டு. ஆயிரம் ரூபாய் இல்லை என்பதற்காக அவள் படிப்பை மாற்றாதீர்கள். ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் பிளஸ் டூ போய்விடுமே என்ற பயமும் வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட டிரேடு முடித்து, மொழிப் பாடங்களை மட்டும் தனியாக எழுதிப் பாஸ் செய்தால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று தமிழ்நாட்டில் வாங்கலாம். அவளுக்கு எதில் விருப்பம் என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவளிடமே கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் தையல் அல்லது கம்ப்யூட்டர் என்று நாமே முடிவு செய்கிற பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. எலக்ட்ரீசியன், டர்னர், சி.என்.சி. டிரேடுகளில் பெண்கள் நன்றாகச் செய்கிறார்கள், நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

கட்டிவிட்ட 3,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, இன்னொரு பிரதியில் அவர்களிடம் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இல்லை, ஜிபே-யில் அனுப்பினோம் என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து இணையுங்கள். மகன் ஏற்கெனவே ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அவன் பெயரில் கடன் ஏறியிருக்கிறதா என்று உங்கள் வங்கியில் சிபில் அறிக்கை (ஒருவர் பெயரில் உள்ள கடன் விவரம்) எடுத்துப் பாருங்கள்.

உங்களுக்கான வழி. அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது, தையல் தொழில்நுட்பம் ஒரு வருட டிரேடு. ஒரு வருடம் ஆலைச் சம்பளத்தை விட முடியாது என்றால் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள். மாவட்டத்துக்கு ஒன்று, முன்னோடி வங்கி நடத்துகிறது. பெண்களுக்கான தையல் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம், சாப்பாட்டோடு இலவசம். முடித்தபின் மெஷின் வாங்கக் கடன் வேண்டுமென்றால் அவர்களே வங்கிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு வட்டி, எத்தனை தவணை என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.